ஆறடி விரிப்பு வாசலுக்கு எதற்கு?

வாசலுக்கு விரிப்புத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பத்து வரியில் எழுதித் தரும்படி நஸ்ரின் கேட்டாள். நான் வேலை செய்த கடையில் இப்போது தொலைபேசி ஓடர்களைக் கவனிப்பவள் அவள். கடையின் முகநூல் பக்கத்தில் படங்களோடு போடவேண்டுமாம்.

"பத்து வரிக்கு மேல போனா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க அண்ணன்" என்றாள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பத்து வரி எனக்கும் வசதிதான். எழுத உட்கார்ந்தேன். பாதியில் அவளே மறுபடி அழைத்தாள். வாசலுக்கு ஒரு விரிப்புக் கேட்டு ஓடர் வந்திருக்கிறதாம். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். மெத்தென்று இருக்கவேண்டும், கழுவினால் கெதியாக, அன்றைக்கே காயவேண்டும், மணம் பிடிக்கக்கூடாது. அப்படி ஒன்று கடையில் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"அனுப்பாதே" என்றேன்.

"ஏன் அண்ணன்?"

தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதுமே பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். பத்து வரிக்குள் அடங்குகிற கோபம் இல்லை இது.

எங்கள் கடை திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற தெரு ஒன்றில் இருக்கிறது. பாய், தும்புக் கால்மிதி, காப்பெட், நிலத்தில் ஒட்டுகிற ரப்பர் விரிப்பு எல்லாம் விற்கிற கடை. கிளிவெட்டியில் இருந்து வந்து அங்கே சுருள் தூக்கத் தொடங்கினேன். பிறகு வெட்டப் பழகினேன், ஓரம் தைக்கப் பழகினேன், கடைசியில் வீடுகளுக்குப் போய் விரிக்கிற வேலை வந்தது. முழங்காலில் நின்று செய்கிற வேலை. அறுபது வருவதற்கு முன்பே இரண்டு முழங்காலும் போய்விட்டன. அதனால்தான் வீட்டில் இருக்கிறேன். இத்தனை வருஷமும் வாடிக்கையாளரின் முகத்தை விடக் காலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கூச்சக்காரனுக்குப் பொருத்தமான தொழில்.

பழைய முதலாளி கிண்ணியாக்காரர். ஊரில் ஹாஜியார் என்பார்கள். உயரமான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிகிறவரை எதிரில் இருப்பவன் நிற்கவேண்டும். அதற்கு ஏச்சு வாங்குவது எவ்வளவோ மேல் என்று நாங்கள் நினைப்போம்.

வாசலைப் பார்க்காமல் வாசலுக்கு விரிப்பு விற்பதில்லை என்பது அவருடைய வழமை. அளவை எழுதிக்கொண்டு வந்து நீட்டினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "ஆர் மிதிக்கப் போறது?"

ஒருமுறை மீன் வியாபாரி ஒருவர் இதற்குச் சினந்துகொண்டார். "நான்தான் மிதிக்கப் போறன் ஹாஜியார். பின்ன யானையா வந்து மிதிக்கும்?"

"யானை வந்தாப் பரவாயில்ல. அது காலைத் தூக்கி வைக்கும். ஒங்கட உம்மா காலை இழுத்தெல்லோ நடக்கிறா? இந்தக் குஞ்சம் வைச்சது ஒங்களுக்குத் தர ஏலாது."

அந்த மனிதர் குஞ்சம் இல்லாததை எடுத்துக்கொண்டு போனார். கால்விரல் குஞ்சத்தில் மாட்டி விழுந்த வயதானவர்களை முதலாளி கண்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்குப் போனால் செய்யவேண்டியவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கதவை முழுதாகத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். கதவுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது அப்போது தெரியும். அதைவிடத் தடித்த விரிப்பைக் கொடுத்தால், ஒரு கிழமைக்குள் கதவே அதைச் சுருட்டி மூலைக்குத் தள்ளிவிடும். நிலம் சிவப்புச் சீமெந்து என்றால் ரப்பர் அடி வைத்தது கூடாது. வெயில் காலத்தில் ஒட்டிப் பிடித்துக் கறை வைத்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் ஊர் வாசல்களுக்கு மண் வரும், வாடைக் காலத்தில் ஈரம் வரும். மண்ணுக்கு வெளியே ஒரு தும்புக் கால்மிதி, ஈரத்துக்கு உள்ளே ஒரு பருத்தி விரிப்பு. இரண்டையும் ஒரே விரிப்புத் துண்டில் எதிர்பார்க்கக் கூடாது.

அதற்குப் பிறகு முதலாளி அந்த வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். பாதியைக் குடிப்பார். மீதியை வாசற்படியில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். வெளியே ஓடினால் நல்லது. உள்ளே ஓடினால், எந்தத் துண்டு போட்டாலும் மாரியில் நாறும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்.

கடைசியில் எனக்குரிய வேலை வரும். கொண்டுபோன துண்டை அதற்குரிய இடத்தில் விரித்து, வீட்டுக்காரரை வெறுங்காலோடு நடக்கச் சொல்லவேண்டும். எப்படிப் பயன்படுத்தப் போகிறார்களோ அப்படிப் பாவித்துப் பார்த்த பிறகுதான் விற்பது. "மிதிச்சுப் பாருங்கோ" என்பேன். பேச்சு வராத எனக்குத் தடங்கல் இல்லாமல் வாயில் வந்த ஒரே வரி அதுதான்.

இனி அந்த வீட்டுக் கதை.

மாரி தொடங்குகிற நேரம். கடைக்கு ஓர் அம்மா வந்தார். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற வியாபாரியின் மனைவி. நல்ல மாதிரிப் பேசுகிறவர். வாசலுக்கு ஒரு விரிப்பு வேண்டும் என்றார். ஆறடி, இரண்டரை அடி. மெத்தென்று, கெதியாகக் காய்கிற மாதிரி, மணம் பிடிக்காத மாதிரி.

"ஆர் மிதிக்கப் போறது தங்கச்சி?" என்று முதலாளி கேட்டார்.

"எல்லாரும்தான்" என்றார் அந்த அம்மா.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

வீடு உள்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருந்தது. வாடைக்காற்று நேரே கதவில் வந்து அடிக்கிற இடம். கதவைத் திறந்தால் ஒடுக்கமான ஒரு நடை, அதைத் தாண்டித்தான் கூடம். கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். அது உள்ளே திறந்து நடையின் பாதியை அடைத்துக்கொண்டது. ஆறடித் துண்டுக்குக் கதவுக்கு முன்னால் இடமே இல்லை.

"எங்க விரிக்கிறது அம்மா?"

"இஞ்ச" என்று சுவரோரத்தைக் காட்டினார்.

அங்கே ஒருவர் காலும் படாது. எனக்கு விளங்கவில்லை. "இதில ஒருத்தரும் மிதிக்க மாட்டினமே அம்மா" என்றேன்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்ததைக் கண்டேன். ஒரு பன்பாய், சுருட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் மேல் தலையணை அளவுக்கு மடித்த பழைய சேலை.

"பூமணி படுக்கிறதுக்குத்தான்" என்றார் அந்த அம்மா, மிகச் சாதாரணமாக. "இவர் கப்பலுக்குப் போய் வாற நேரம் சொல்ல ஏலாது. கதவு திறக்க ஆள் பக்கத்தில வேணும். நிலம் குளிருது எண்டு சொன்னாள், பாவம். அதுதான் வடிவா ஒண்டு வாங்குவம் எண்டு. பகலில ரெண்டா மடிச்சுக் கதவடிக்கு இழுத்துவிட்டா வாறாக்களுக்கும் கால் துடைக்கலாம். என்ன?"

என்ன என்று என்னிடம் கேட்டார். அவர் கொடுமைக்காரி மாதிரிப் பேசவில்லை. நல்லது செய்கிறவர் பேசுகிற மாதிரியே பேசினார். அதுதான் இன்று வரைக்கும் எனக்கு ஆறவில்லை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு இல்லாத வீட்டிலும் படுக்கிற பாயைக் காலையில் சுருட்டி ஓரமாக வைப்பார்கள். அதை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள். குழந்தை மிதித்தாலும் ஏச்சு விழும். இந்த வீட்டிலோ, பகல் முழுக்க வருகிறவர்கள் மண்காலைத் துடைத்த துண்டிலேயே இரவில் ஒரு மனுஷி முகத்தை வைத்துப் படுக்கவேண்டும். அதற்குப் பெயர் வாசலுக்கு ஒரு விரிப்பு.

பூமணி அக்கா தேநீர் கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, விட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தார். ஈச்சிலம்பற்றுப் பக்கம் சொந்த இடம் என்று பேச்சில் தெரிந்தது. தொலைபேசி அடித்தது, அம்மா உள்ளே போனார்.

"தம்பி, முத்தத்தில நாய்க்கூடு கண்டனியோ?" என்றார் பூமணி அக்கா மெல்ல.

"ஓம் அக்கா."

"மேல தகரம் போட்டு, கீழ பலகை அடிச்சுக் கிடக்கு. நான் குரைக்கப் பழகேல்ல, அதுதான் இஞ்ச."

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் துண்டுகளைத் திரும்பக் கட்டத் தொடங்கினேன். அக்கா அதைக் கண்டு கிட்ட வந்தார்.

"என்ன கட்டுறாய்? கோவிச்சுக்கொண்டு போய் என்னைக் கெடுத்துப்போடாத. மகளுக்கு இது மூண்டாம் பிள்ளை வயித்தில. எனக்கு வேலை வேணும். நல்ல தடிப்பா, மொத்தமான ஒண்டாப் பாத்து விடு. அவ்வளவுதான் நீ செய்ய வேண்டியது."

நான் என்ன செய்வது? நல்ல துண்டாகக் கொடுத்தால், அந்த மனுஷியை வாசலில் படுக்கவைப்பதற்கு என் கையாலேயே வசதி செய்து கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் மாரி முழுக்க அவர் ஈரச் சீமெந்தில் கிடப்பார். சுவரின் அடியில் பழைய மழைத் தண்ணீர் ஏறின கறை இருந்தது. இருமல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தேவையில்லை.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். தடக்கித் தடக்கித்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு நேரம் துடைத்ததை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

"அந்த மனுசி என்ன கேட்டிச்சு?"

"மொத்தமான ஒண்டு வேணும் எண்டு சொன்னா."

"அவ கேட்டது காஞ்ச இடம், மகன். அதுக்கு நம்மட கடையில துண்டு இல்ல." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் பின்னேரம் நானும் வாறன்."

மறுநாள் அந்த அம்மா முதலாளியைக் கண்டதும் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். முதலாளி உட்காரவில்லை. கதவைத் திறந்து மூடினார். ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். பூமணி அக்கா கொண்டுவந்து கொடுத்தார். பாதியைக் குடித்தார், மீதியைப் படியில் ஊற்றினார். தண்ணீர் கதவுக்கு அடியால் உள்ளே வந்தது. ஒரு வளைவு எடுத்து, சுவரோரமாக, விரிப்புப் போடச் சொன்ன இடத்தில் போய் நீளத்துக்கு நின்றது.

"பாத்தீங்களா தங்கச்சி?"

"அதுதானே மொத்தமானது கேட்டனான்."

"மொத்தமானது ஈரத்தக் குடிச்சு வைச்சிருக்கும்."

"அப்ப அடியில ரப்பர் போட்டதாத் தாங்கோ ஹாஜியார். உங்களிட்ட இல்லாததோ?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "விரி மகன்" என்றார்.

தண்ணீரைத் துடைத்துவிட்டு ரப்பர் அடி வைத்த துண்டைச் சுவரோரம் விரித்தேன். ஓரங்களைக் கையால் தடவிச் சரிசெய்தேன். இனி எனக்குரிய வரி. வாயைத் திறந்தேன். "மிதிச்சு" என்று தொடங்கும்போதே, இங்கே ஒருவரும் மிதிக்கப் போவதில்லையே என்று மனதில் பட்டது. பாவிக்கிற மாதிரிப் பாவித்துப் பார்க்கவேண்டும் என்பதுதானே வழமை.

"படுத்துப் பாருங்கோ அம்மா" என்றேன்.

எதிர்த்துப் பேசவேண்டும் என்று நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. அந்த இடத்துக்குச் சரியான வரி அதுதான், சொன்னேன். அடுப்படியில், குசினிப் பக்கம் இருந்து பூமணி அக்கா சிரித்தது கேட்டது. சிரிப்பு இருமலாக மாறினது.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஆரைப் பாத்து என்ன கதை கதைக்கிறாய்?"

முதலாளி அமைதியாகச் சொன்னார்: "கடை வழமையத்தான் சொன்னான் தங்கச்சி. பாவிக்கிற ஆள் பாவிச்சுப் பாத்தாத்தான் நாங்க குடுக்கிறது."

"பாவிக்கிறது நான் இல்லையே!"

"அப்ப ஆர்?"

அந்த அம்மா "பூமணி" என்றார்.

"அப்ப அவவைத்தான் கேக்கவேணும்." முதலாளி குசினிப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒங்களுக்கு என்ன வேணும்?"

அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்ட அதே 'தங்கச்சி'. அதே குரல். பூமணி அக்கா கதவு நிலையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் என்னிடம் மொத்தமான துண்டு கேட்டவர், இப்போது அந்தத் துண்டைப் பார்க்கவே இல்லை.

"சாமான் அறையில ஒரு பக்கம் ஒதுக்கித் தந்தாப் போதும்" என்றார். "என்ர பாய் என்னட்ட இருக்கு."

நான் நின்ற இடத்தில் இருந்தே அந்த அறை தெரிந்தது. தகர டப்பாவில் அடைத்த ரின் மீன் முதலான கப்பல் சாமான் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. பெட்டிகளுக்குக் கீழே ஈரம் படாமல் கட்டை வைத்திருந்தார்கள். ரின் மீனுக்குக் கட்டை. மனுஷிக்கு வாசல்.

"வெளியில போங்கோ ரெண்டு பேரும்" என்றார் அந்த அம்மா.

முதலாளி செம்பைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினார். நான் துண்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனேன். அந்த வீட்டு வியாபாரம் அன்றோடு போனது. அவர்கள் வேறு கடையில் ஆறடித் துண்டு வாங்கினார்கள். காசு கொடுத்தால் எந்தக் கடையும் கொடுக்கும். எனக்கு அதில்தான் ஆத்திரம். மனுஷியை வாசலில் போடுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு என்ன நிறம் பொருத்தம் என்று எடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது?

சில நாள் கழித்துப் பூமணி அக்கா ஒரு பையோடும் அந்தப் பன்பாயோடும் கடைக்கு வந்தார். மூதூர்ப் பக்கம் போகிற வழி. வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாடாப்பா. உன்னால வேலை போச்சு."

நான் அவருடைய பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"என்னெண்டு போச்சு எண்டு கேக்கமாட்டியோ? புதுசு வாங்கி விரிச்சுப்போட்டுப் படு எண்டா. நான் மாட்டன் எண்டன். அப்ப நிலத்தில படு எண்டா. உன்ர முதலாளி என்ன வேணும் எண்டு கேட்டுப்போட்டார், நானும் ஆக்களுக்கு முன்னால வாய் திறந்து சொல்லிப்போட்டன். சொன்ன வாயோட திரும்பப் போய் அதில படுக்க ஏலாதப்பா."

"கோவமோ அக்கா?"

"ஓம், கோவம்தான். படுத்துப் பாருங்கோ எண்டது நான் சொல்ல வைச்சிருந்த கதை. எத்தினை மாரியா வாய்க்குள்ள வைச்சிருந்தனான். நீ வந்து முந்திச் சொல்லிப்போட்டாய்!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். முதலாளி கூடச் சிரித்தார். தோப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிக்க ஆள் தேடுகிறார்களாம், பகல் வேலை, பின்னேரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் அக்கா. கையில் வருவது குறைவுதான் என்று தானே சொன்னார். பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்புகிறவரை இருமல் கேட்டது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

முதலாளி இப்போது இல்லை. கடையை அவருடைய மருமகன் நடத்துகிறார். கெட்டவர் இல்லை, சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறவர். ஆனால் வாசலுக்குப் போகிற வழமை நின்றுவிட்டது. தொலைபேசியில் படம் பார்க்கிறார்கள், அளவு அனுப்புகிறார்கள், துண்டு போய்ச் சேருகிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், யார் மிதிப்பார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. பழைய வழமைக்காக நான் அழவில்லை. படத்தில் எல்லா வாசலும் வடிவாகத்தான் இருக்கும். அங்கே இரவில் யார் கிடக்கிறார்கள் என்பது படத்தில் வராது. அதைச் சொல்கிறேன்.

அதனால்தான் ஆறடிக்கு இரண்டரை என்று நஸ்ரின் சொன்னதும் அனுப்பாதே என்றேன். வாசலில் கால் துடைப்பதற்கு ஆறடி எதற்கு? கால் துடைக்கிற துண்டு ஏன் மணம் பிடிக்கக்கூடாது? ஒருவேளை நான் நினைப்பது பிழையாக இருக்கலாம். நீளமான நடை உள்ள வீடாக இருக்கலாம். பிழையாக இருந்தால் சந்தோஷம். ஆனால் கேட்கவேண்டும்.

"பழைய முதலாளியின் கேள்வியை மட்டும் ஓடர் தந்தவருக்கு எழுதிக் கேள்" என்றேன். அவள் கெட்டிக்காரி, மறுக்காமல் கேட்டாள். யார் மிதிக்கப் போகிறார்கள் என்று. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "உங்களுக்கு எதுக்கு?"

கடைக்கு இது எதற்கு என்று மருமகனும் சொன்னாராம். துண்டைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். "மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன்" என்றாள் நஸ்ரின். அவள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? அவள் கேட்டாள். மற்றவர்கள் கேட்கவில்லை.

நஸ்ரின், நீ கேட்ட பத்து வரியை இதற்குள்ளே இருந்து பொறுக்கிக்கொள். குஞ்சம், கதவு இடைவெளி, ரப்பர் அடி, தும்பு வெளியே, பருத்தி உள்ளே. ஆனால் யார் மிதிக்கப் போகிறார்கள் என்பதை முதல் வரியாகப் போடு. மருமகன் வெட்டச் சொன்னால், என் பெயரைப் போட்டாவது அந்த வரியை வெட்டாமல் வைக்கச் சொல்.

துண்டு போன வீடு பட்டினத்துக்குள்தான். எந்தத் தெரு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளி பின்னேரம் போகப் போகிறேன். முழங்காலில் நிற்க ஏலாது, ஆனால் படியில் நிற்கலாம். விற்பதற்கு ஒன்றும் கொண்டு போகவில்லை. அங்கே போய் என்ன கதைப்பது என்று நினைத்தால் இப்போதே வாய் காய்கிறது. பரவாயில்லை. கதவைத் தட்டி ஒரு செம்பு தண்ணீர் கேட்பேன். தண்ணீர் இல்லை என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

பாதியைக் குடிப்பேன்.